கூரைமேல் ஒரு மைப்புள்ளி

பழைய படங்களில் ஈ எச்சமிட்ட கறுப்புப் புள்ளிகளைக் கத்தி முனையால் சுரண்டி எடுப்பதில் லாத்வியாவின் ரீகா நகரத்தில் ஊல்திஸை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவனைக் கவிழ்த்தது.

வெல்தா அம்மாள் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தது, முந்நூறு வருஷத்துக்கு முன் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட ரீகாவின் காட்சி. ஆற்றில் கப்பல்கள், பின்னால் நெருக்கியடித்த கூரைகள். திரும்ப வாங்கிப் போக வந்தவள் படத்தை மூக்கோடு ஒட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இந்தக் கூரைமேல ஒரு மைப்புள்ளி இருக்குமே? 'இதுதான் நம்ம வீடு'ன்னு அம்மா காட்டினப்போ நான் பேனாவால வச்சது. அதுக்கு முதுகுல வாங்கினது இன்னும் ஞாபகமிருக்கு."

ஊல்திஸ் அதையும் ஈ எச்சம் என்றல்லவா சுரண்டிவிட்டான்.

"அங்கேயேதான் இருக்கும்மா. நான் தொடவே இல்ல." வாய் முந்திக்கொண்டது.

"உங்களுக்குத் தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது."

வெல்தா அம்மாள் மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ என் கண்ணுதான் போச்சு. டப்ளின்ல இருக்கிற மக, தனியா கிடக்காதே, வந்துடுன்னு தினமும் நச்சரிக்கிறா. 'அந்தப் புள்ளி என்னைக்குத் தெரியாமப் போகுதோ அன்னைக்கு வரேன்டி'ன்னு சொல்லி வச்சிருக்கேன். இனி என் வீட்டுக்காரர் கல்லறையைச் சுத்தி யார் மணலை வாரிச் சீராக்கி வைப்பாங்களோ."

சொன்ன சொல் தவறாதவள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். ஒரு பொய்யால் ஒரு மனுஷியை ஊரைவிட்டே கிளப்புகிறோமே என்று ஊல்திஸ் அவள் கையைத் தடுத்தான்.

"அம்மா, போனை வையுங்க. நான்தான் சுரண்டிட்டேன். ஈ எச்சம்னு நினைச்சுட்டேன். தெரியுதுன்னு சொன்னது பொய்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகம் கனிந்தது.

"கிழவி மனசு நோகக்கூடாதுன்னு பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்கிறீங்க. பெத்தவங்க நல்லா வளர்த்திருக்காங்க."

"இல்லம்மா, சத்தியமா. இதோ, சுரண்டின இடத்தைப் பாருங்க." பூதக்கண்ணாடியை அவள் கையில் திணித்து, தானும் குனிந்து தேடினான். தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

"விடுங்க தம்பி," என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அவள் போனைக் காதில் வைத்தாள். "கிந்தா, அம்மாதான்டி. டிக்கெட் போட்டுடு."