சாயம் தின்னும் கூட்டம்

எங்கள் சாயப்பட்டறைக்கு அதிகாரி கெடு வைத்துவிட்டுப் போனார். அடுத்த முறை வரும்போதும் கழிவுநீர் சிவப்பாக இருந்தால் சீல். என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் நேரே போய் என் நாத்தனாரைப் பிடித்தேன். நுண்ணுயிரியல் படித்தவள், படித்த படிப்பு தயிர் உறைய வைக்கக்கூட உதவவில்லை என்று நான் அவளைக் கேலி பேசுவேன்.

கொதிகலனுக்குப் பின்னால் ஜாடிகளை அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் சாயத் தண்ணீர், ஒரு கரண்டி சாக்கடைச் சேறு. சேற்றில் ஆயிரம் வகைக் கிருமிகள்; எது சாயத்தைத் தின்கிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றாள். நன்றாக வெளுத்த ஜாடியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுச் சாயத் தண்ணீரில் விடுவோம். மற்றதையெல்லாம் கொட்டிவிடுவோம். புதியதில் எது நன்றாக வெளுக்கிறதோ, மறுபடி அதிலிருந்து எடுப்போம். ஆளைப் பார்க்காமல் மொத்தக் கூட்டத்தின் வேலையைப் பார்த்துப் பொறுக்குவது.

முதலில் ஜோராகப் போனது. பிறகு படுத்துவிட்டது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். இங்கே தாய் ஜாடி பளிங்கு, பிள்ளைகள் எல்லாம் ரத்தச் சிவப்பு. எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது? ஒரு ஜாடி மற்றவற்றைவிட வேகமாக வெளுத்துக்கொண்டிருந்தது. அப்போது ரோஜா நிறம்தான். முழுதாக வெளுக்கட்டும் என்று காத்திருக்காமல் அதிலிருந்து எடுத்துப் புது ஜாடிகளில் ஊற்றிவிட்டேன்.

"அண்ணி, கெடுத்துட்டீங்களே," என்று கத்தினாள் நாத்தனார்.

மதியத்துக்குள் பிள்ளை ஜாடிகள் அத்தனையும் வெளுத்தன. நாத்தனார் சட்டென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இப்பத்தான் புரியுது அண்ணி. சாயம் தீர்ந்துட்டா அதைத் தின்னுறதெல்லாம் பட்டினில செத்துடும். நாம இத்தனை நாள் எடுத்தது, மிச்சம் மீதி தின்ன வந்த கூட்டத்தை."

"பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொன்னாங்க," என்றேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே மாதிரி முந்தி முந்தி எடுத்துப் பெருக்கி, கழிவுத் தொட்டியில் விட்டோம்.

அதிகாரி வந்தார். வாய்க்காலில் தெளிந்து ஓடிய கழிவுநீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குழாய்த் தண்ணிய விட்டு ஏமாத்தறீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆறிய சாயத் தண்ணீரை அவர் கண்முன்னாலேயே ஒரு ஜாடியில் மொண்டு, தொட்டியிலிருந்து ஒரு குவளை எடுத்து அதில் விட்டேன். "உட்காருங்க சார். வெளுக்கலைன்னா நீங்களே பூட்டிச் சாவியக் கொண்டுபோங்க."

அதிகாரி கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் ஜாடியைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் கழித்து அவருடைய போன் அடித்தது.

"சீலா? அதெல்லாம் வேணாம்," என்றார், ஜாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் வர நேரமாகும். இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கு."