மேடம் வீட்டு காபி மெஷின்

மெஷின் சூடானது. பால் நுரைக்கிற குழாயைத் திருகினால் புஸ்ஸென்று ஆவி வந்தது. பொத்தானை அமுக்கினால் மோட்டார் உறுமியது. காபி இறங்க வேண்டிய வாயிலிருந்து மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. நாலு நாளாக இதே கூத்துதான். அவள் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திருகாணிகளைப் பழைய சோப்பு டப்பாவில் போட்டுவைத்துக்கொண்டு, மெஷினோடு மல்லுக்கட்டினாள்.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அடுத்த தெரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், காத்திருக்கும் அறையின் மூலையில், அவள் காபி போட்டாக வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுத் தலை சுற்றுகிற ஜனங்களுக்கு ஒரு வாய் சூடாகக் கொடுக்க ஆள் வேண்டும் என்று அங்கிருந்த மேலாளர் சொன்னபோது, நான் போடுறேன், மெஷின் இருக்கு என்று சட்டென்று சொல்லிவிட்டிருந்தாள். “திங்கட்கிழமை வரலைன்னா பிஸ்கட் கம்பெனிக்காரன் அந்த மூலையைக் கேக்குறான், குடுத்துடுவேன்” என்றார் அவர்.

வீட்டில் முதல் பட்டதாரி. இயற்பியல். அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருஷம் படியேறி இறங்கியதில் செருப்புதான் தேய்ந்தது. மெஷின், அம்மா ஒன்பது வருஷமாகப் பெருக்கித் துடைக்கிற மேடம் வீட்டிலிருந்து வந்தது. புதுசு வாங்கிய மேடம், இதைத் தூக்கிப் போட்டுடு என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தூக்கினாள், ஆனால் போடவில்லை. துண்டில் சுற்றி, பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“ம்மா, டார்ச்சை இப்படிக் காட்டு. என் மூஞ்சியில அடிக்காத.”

அம்மா காட்டினாள். மதியம் வேலை முடிந்து வந்ததிலிருந்தே அம்மாவின் முகம் சரியில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

பொத்தானை அமுக்கிக்கொண்டே ஆவிக் குழாயைத் திறந்தால் வெந்நீர் நன்றாகப் பீய்ச்சியது. அப்படியானால் மோட்டார் மேல் பழியில்லை. காபிப் பக்கம் திரும்புகிற வழியில்தான் அடைப்பு. அங்கே ஒரு சின்ன வால்வு இருந்தது. மின்சாரம் வந்தால் திறக்கும், நின்றால் மூடும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, இரண்டு திருகாணியைக் கழற்றி அதை வெளியே எடுத்தாள். ஊசி நுழைகிற ஓட்டையில் சுண்ணாம்பு கல்லாக இறுகிக் கிடந்தது.

“என்ன தண்ணிம்மா ஊத்துனீங்க அந்த வீட்டுல?”

“குழாய்த் தண்ணிதான். பாட்டில் தண்ணி ஊத்தச் சொன்னாங்க. பாட்டிலைத் தொட்டா எதுக்குத் தொட்டன்னு கேப்பாங்க. நமக்கெதுக்கு வம்பு.”

“ஒன்பது வருஷமா?”

“மெஷின் அஞ்சு வருஷம்தான்டி.”

வால்வை எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டாள். அரை மணி நேரம் கழித்து ஊசியால் குத்த, பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. மறுபடி மாட்டி, தூளை அமுக்கி, பொத்தானைத் தொட்டாள். மோட்டார் உறுமல் தாழ்ந்து கனத்தது. இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு எலி வால் மாதிரி மெல்லிசாக, தேன் நிறத்தில் இறங்கியது. பாலை நுரைத்து ஊற்றிக் கோப்பையை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா வாங்கவில்லை.

“நாலு மணிக்கு டிரைவர் வருவார்” என்றாள்.

“எதுக்கு?”

“காலையில மேடம்கிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். நீங்க தூக்கிப் போடச் சொன்னதை என் பொண்ணு பிரிச்சு சரி பண்ணிட்டான்னு. நேத்து நீ கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சுன்னு சொன்னியே. சந்தோஷத்துல உளறிட்டேன். உடனே, அப்படியா, ஓடுதுன்னா என் தங்கச்சி வீட்டுக்கு ஆகும், டிரைவரை அனுப்பறேன்னுட்டாங்க.”

மணி மூன்றே முக்கால்.

“தூக்கிப் போடச் சொன்னது அவங்கதானே? குப்பைக்குப் போனதை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திருப்பிக் கேக்குறாங்க?”

“கேக்குறாங்க. தரமாட்டேன்னு சொல்லிட்டு நாளைக்கு அந்த வீட்டு வாசல்ல நான் எப்படி நிக்கிறது?”

கத்த வாயெடுத்தவள் கத்தவில்லை. கத்தினால் பக்கத்து வீட்டுக்குத்தான் கேட்கும், மேடத்துக்குக் கேட்காது. பிளக்கைப் பிடுங்கினாள். மேல்மூடியைத் திறந்து, வால்வுக்குப் போகிற ஒயரைக் குறட்டால் பிடித்து இழுத்துக் கழற்றினாள். விரல் சுட்டது. மூடியைச் சாத்திப் பிளக்கைத் திரும்பச் சொருகினாள்.

“என்னடி பண்ற?”

“நாலு நாளா எப்படிக் கிடந்துச்சோ அப்படி ஆக்குறேன். வால்வு திறக்காது. மோட்டார் கத்தும், தண்ணி வராது. ஓடாத மெஷின் தங்கச்சி வீட்டுக்கு எதுக்கு?”

“வாசம் வருதேடி.”

அது உண்மை. வீடே காபிக்கடை மாதிரி மணத்தது. ஜன்னலைத் திறந்தாள். ஈரத் தூளைப் பழைய செய்தித்தாளில் சுருட்டிக் குப்பைத் தொட்டியின் அடியில் திணித்தாள். வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். அம்மா கோப்பையை எடுத்து, சூடு என்றும் பாராமல் மடக்கென்று குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தாள்.

டிரைவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். “என்ன பட்டதாரி, மெஷினுக்கு உயிர் குடுத்துட்டியாமே? மேடம் காலையிலேர்ந்து அதையேதான் பேசுறாங்க.” மூக்கை உறிஞ்சினார். “நல்லா மணக்குதே.”

“பொடி டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா தம்பி” என்றாள் அம்மா. “காபிதான் வரல.”

“வரலையா? ஓட்டிக் காட்டச் சொன்னாங்களே.” போனை எடுத்து மேடத்தை வீடியோவில் கூப்பிட்டார். திரையில் மேடம் சோபாவில் சாய்ந்திருந்தார். “காட்டு, காட்டு” என்றார்.

டிரைவரே பொத்தானை அமுக்கினார். மோட்டார் அடித்தொண்டையில் கத்தியது. ஐந்து நொடி. பத்து. வாயின் விளிம்பில், சற்றுமுன் இறங்கிய காபியின் மிச்சம் ஒரு சொட்டாகத் திரண்டு தொங்கியது. அவள் அதையே பார்த்தாள். சொட்டு நீண்டு, அறுந்து விழுந்தது. டிரைவர் குனிந்து பார்த்தார். அடுத்த சொட்டு வரவில்லை.

“வரல மேடம்.”

மேடம் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. குழந்தை விழுந்தால் சிரிப்போமே, அந்த மாதிரி. “என்னம்மா, பொண்ணு சரி பண்ணிட்டான்னு பெருமை அடிச்சுக்கிட்ட? இயற்பியல் படிச்ச பொண்ணுன்னு வேற சொன்னே.”

அவள் கை தானாக மூடியின் மேல் போனது. ஒரே ஒரு ஒயர். அதை மாட்டி, பொத்தானை அமுக்கி, அந்தச் சிரிப்பு எங்கே போகிறதென்று பார்க்க அரை நிமிஷம் போதும். விரல் மூடியைத் தூக்கக்கூட ஆரம்பித்தது.

“பேருக்குத்தான் மேடம் படிச்சா” என்றாள் அம்மா. “கூறு கிடையாது. மக்கு. நான்தான் புத்தி கெட்டுப்போய் உங்ககிட்ட உளறிட்டேன்.”

இரண்டு வருஷமாக, போகிற வருகிறவர்களிடமெல்லாம் என் பொண்ணு பட்டதாரி என்று சொல்லிக்கொண்டு திரிந்த வாய் அது. அவள் மூடியை விட்டுவிட்டாள்.

“சரி விடு. அந்தக் குப்பையை எதுக்கு வண்டியில ஏத்திக்கிட்டு? நீ வந்துடு” என்றார் மேடம் டிரைவரிடம்.

இத்தோடு விட்டால், மெஷின் யாருடையது என்று நாளைக்கு இன்னொரு பேச்சு வரும். அவள் டிரைவரின் தோளுக்கு மேலாக எட்டித் திரைக்கு முகம் காட்டினாள்.

“மேடம், அப்ப இதை நானே வெச்சுக்கட்டுமா?”

“உனக்கு எதுக்கும்மா?”

“சும்மா. பிரிச்சுப் பாத்துக் கத்துக்குறேன்.”

“வெச்சுக்கோ, வெச்சுக்கோ. ஷாக் அடிச்சுக்காதே.”

“ரொம்ப நன்றி மேடம்.”

அந்த நன்றியைச் சொல்லி முடிப்பதற்குள் காது மடல் வரை கொதித்தது. போன் அணைந்தது. டிரைவர் வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

“அக்கா, உதட்டுல நுரை இருக்கு. துடைச்சுக்குங்க.”

கார் தெருமுனை திரும்பும்வரை இருவரும் அசையவில்லை.

“சொல்லிக் குடுத்துருவாரா?” என்றாள் அவள்.

“தெரியல. போன மாசம் கார்ல கீறல் விழுந்ததை நான் சொல்லல.” அம்மா புறங்கையால் வாயை அழுந்தத் துடைத்தாள். “அவங்ககிட்டப் போய் பிச்சை கேக்குற மாதிரிக் கேட்டியே. அதைத்தான் என்னால பாக்க முடியல.”

“நீ என்னை மக்குன்னு சொன்னே.”

“ஆமா, சொன்னேன். இன்னும் பத்து நாளைக்கு அவங்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.”

“சிரிக்காத.”

“சிரிக்கத்தான்டி வேணும்.”

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். மூடியைக் கழற்றி ஒயரை மாட்டப் போனாள். உள்ளே இருட்டில் இரண்டு தடவை தவறியது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்தாள். மூன்றாவது தடவை ‘டிக்’கென்று பொருந்தியது. பிளக்கைச் சொருகி, புதுத் தூள் வைத்துப் பொத்தானை அமுக்கி, முதல் சொட்டிலிருந்து கோப்பை நிரம்பும்வரை போனில் நேரம் பார்த்தாள். பால் நுரைத்து ஊற்றி முடிக்க மொத்தம் இரண்டு நிமிஷம் பத்து நொடி ஆனது.

“ஒன்பது மணிக்குள்ள எத்தனை பேருடி வருவாங்க?”

“நூறு பேராவது வருவாங்கன்னு சொன்னார்.”

“அப்ப இன்னும் சீக்கிரம் போடணும்” என்றாள் அம்மா. “அதை ஊத்திட்டு மறுபடி போடு. பாக்கலாம்.”