ஒளிரக் கூடாத தூள்

எதுவும் ஒளிரக் கூடாது என்பதற்காகவே மிரேய் அந்தத் தூளைச் செய்திருந்தாள். கனடாவின் கெபெக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஃபுளோரைடு படிகங்களுக்குள் வேறு உலோகங்களின் அயனிகளைத் துளித்துளியாகச் சேர்த்து, எதற்கு என்ன நிறம் வருகிறது என்று பார்ப்பது அவள் வேலை. இட்டெர்பியம் என்ற உலோகம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வாங்கி எர்பியத்திடம் கொடுக்கும். எர்பியம் பச்சையாக ஒளிரும். ஒப்பிட்டுப் பார்க்க எர்பியம் இல்லாத தூள் ஒன்று வேண்டியிருந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அது இருண்டே கிடக்க வேண்டும்.

லேசரைப் போட்டாள். தூள் நீலமாக ஒளிர்ந்தது.

"தியெரி, இங்க வாயேன்!"

அடுத்த அறையில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்த சக ஆய்வாளன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"தூள் அள்ளுற கரண்டியக் கழுவாம விட்டிருப்ப" என்றான்.

"புதுக் கரண்டி. எல்லாரும் உன்ன மாதிரியா?"

"அப்ப இந்த நீலம் எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"ரெண்டு இட்டெர்பியம் சக்திய ஒண்ணாச் சேர்த்து ஒரே ஒளியா விடலாமே."

"விடும். ஆனா இவ்வளவு பளிச்சுனா? தூலியம்தான் கலந்திருக்கும், பாரு."

நீலமாக ஒளிரும் தூலியமும் இட்டெர்பியமும் ஒரே தாதுவில் கிடப்பவை. முழுக்கப் பிரிப்பது கடினம். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் பார்த்தபோது, தூலியம் ஒளிரும் அதே இடத்தில் கூர்மையான முகடு. தான் கண்டது வெறும் அழுக்கா என்று மிரேய்க்கு மனம் சுருங்கிப்போனது. ஆனாலும் அத்தனை சொற்பக் கலப்புக்கு இத்தனை ஒளியா என்ற கேள்வி அவளை விடவில்லை.

இன்னும் தூய்மையான இட்டெர்பியம் வரவழைத்து, பனி உருகத் தொடங்கிய வாரத்தில் மறுபடி தூள் செய்தாள். லேசரின் கீழே இருட்டு.

"நான் சொன்னேன்ல?" என்றான் தியெரி.

"கொஞ்சம் சும்மா இரு."

விளக்கை அணைத்துத் திரைகளை இழுத்துவிட்டாள். கருவியை நெடுநேரம் ஒளி சேகரிக்க விட்டாள். கணினித் திரையில் மெல்ல ஒரு மேடு எழுந்தது. தூலியத்தின் முகட்டுக்குச் சற்றுத் தள்ளி, அகலமாக, மங்கலாக.

தியெரி நாற்காலியை இழுத்து அருகில் போட்டான். "இட்டெர்பியத்தோட சக்திக்குச் சரியா ரெண்டு மடங்கு இடத்துல இருக்கே!"

"ஜோடியா சேர்ந்து ஒளிய விடுது. முதல் தூள்லயும் இது இருந்திருக்கும், தூலியம் அமுக்கிடுச்சு."

"நாம ரெண்டு பேரும் சொன்னது சரிதானா அப்ப?"

"உனக்குச் சந்தோஷமா இருந்தா அப்படியே வச்சுக்கோ" என்று சிரித்தாள். பிறகு தூலியக் குப்பியை எடுத்தாள். எவ்வளவு போட்டால் அந்த மங்கல் மேடு மறையும் என்று அவளுக்கு இப்போதே பார்த்தாக வேண்டும்.