தெருவெல்லாம் மாசிலாமணி

என் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொல்லியும் பிரயோசனமில்லை. தெருமுனையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். வகுப்பில் அதே பெயரில் இன்னும் இருவர் இருந்ததால் நான் 'நெட்டச்சி' ஆனேன். பெயர் என்று ஒன்று இருந்தும் அது எனக்கே எனக்கென்று ஒருநாளும் இருந்ததில்லை. அதனால்தான் வயிற்றில் பிள்ளை உண்டானதும் ஒற்றைக்காலில் நின்றேன்: என் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் ஒருவன்தான் திரும்ப வேண்டும்!

எனக்கு வேலை மருந்துக்கடையில். மருந்தைக் கட்டி வைத்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். குழந்தைகளின் பெயர் என்றால் போதும் போதும் என்றாகிவிடும். எல்லாம் 'ஷ்' என்றே முடியும். ஒரு காய்ச்சல் மருந்துக்கு மூன்று அம்மாக்கள் கை நீட்டுவார்கள். அப்படி ஒருநாள், "மாசிலாமணி!" என்று கூப்பிட்டேன். அத்தனை கூட்டத்தில் ஒரே ஒருவர் எழுந்து வந்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

"நல்ல பேருங்க" என்றேன்.

"பின்னே? மாசே இல்லாத மணியாக்கும்! பழைய பக்திப் பாட்டுல சாமியையே அப்படித்தான் கூப்பிட்டிருக்காங்க. எங்க காலத்துல வீதிக்கு நாலு மாசிலாமணி. இப்ப யாரு வைக்கிறா?" என்று அலுத்துக்கொண்டே இருமல் மருந்தோடு போனார்.

நான் வைக்கிறேன் ஐயா, நான்! கடைக்குள்ளேயே குதிக்காத குறை.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்கும் வாயெல்லாம் பல். அவர் முடிதிருத்துபவர், சொந்தமாக சலூன்.

"ஏங்க, பிள்ளை பொறக்கிற வரைக்கும் வெளியில மூச்சு விடக்கூடாது."

"உன் தலைமேல சத்தியம்."

"என் தலையை விடுங்க. கடைக்கு வர்ற தலைங்கதான் எனக்குப் பயமே."

பயந்தது சரிதான். அந்த மனுஷனுக்கு வாய் நின்றால் கத்தரிக்கோலும் நின்றுவிடும். நாற்காலியில் கழுத்துவரை துணி கட்டி உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே தப்பி ஓடுவது? "ரகசியம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று தொடங்கி, அர்த்தம், பாட்டு, பழைய பெருமை எல்லாவற்றையும் ஒவ்வொரு காதிலும் ஓதி அனுப்பியிருக்கிறார். வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் மனைவிமார் மாசமாக இருந்தது அவருக்கென்ன தெரியும், பாவம். பாவமாவது, மண்ணாங்கட்டியாவது!

எனக்கு இது தெரியவந்தது தடுப்பூசி போடப் போன இடத்தில். மாசிலாமணிக்கு அப்போது ஐந்து மாதம். நர்ஸ் கதவைத் திறந்து, "மாசிலாமணி!" என்றார். பெருமையாக எழுந்தேன். என்னோடு சேர்ந்து பேக்கரிக்காரர் மனைவி எழுந்தாள். பஸ் டிரைவரின் மருமகள் எழுந்தாள். மூலையிலிருந்து இன்னொருத்தி, இடுப்பில் ஒரு மொட்டை மாசிலாமணியோடு.

"எந்த மாசிலாமணி?" என்று நர்ஸ் முழித்தார்.

"உங்க வீட்டுக்காரர்தாங்க சொன்னாரு, யாருமே வைக்காத பேருன்னு!" என்றாள் பேக்கரிக்காரர் மனைவி, அப்பாவியாக.

திரும்பிப் பார்த்தேன். என்னவர் சுவரில் ஒட்டியிருந்த சத்துணவுப் படத்தை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. என் பிள்ளைக்கும் பட்டப்பெயர்தானா?

ஒரே வரிசையில் நாலு பேருக்கும் ஊசி விழுந்தது. ஐயோ, அந்தக் கச்சேரி! நாலும் வீல் வீலென்று கத்த, நாலு அம்மாக்களும், "மாசிலாமணி, அழாதடா! மாசிலாமணி, இங்க பாருடா!" என்று மாறி மாறிக் கூவினோம். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவனுக்குக் கேட்டது. நர்ஸ் கையிலிருந்த என் பிள்ளை, மற்றவர்கள் கூப்பிட்டதற்கெல்லாம் அசையாமல், நான் கூப்பிட்டதும் விசும்பிக்கொண்டே கழுத்தைத் திருப்பினான். என்னைக் கண்டதும் கையை நீட்டினான்.

வாங்கி அணைத்துக்கொண்டேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

என்னவர் மெல்ல அருகில் வந்தார். "வேற பேரு வெச்சிடலாமா?"

"எதுக்கு? நான் கூப்பிட்டா என் பிள்ளை திரும்புறான்" என்றேன். "அடுத்ததுக்குப் பேரு வைக்கிறப்ப மட்டும் கடையைச் சாத்திட்டு வாங்க."