ஒரு விரல் கூடுதல்

1.

எனக்கு வந்த ஒரு கல்யாணக் கார்டைப் பார்த்துத்தான் இந்தக் கதை தோன்றியது என்று தொடங்க ஆசை. கௌரவமாக இருக்கும். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கதை கிடைத்தது குப்பையில்.

என் புத்தகத்தின் மெய்ப்புத் தாள்களை அச்சுக்காரர் ஒரு வேஸ்ட் தாளில் சுற்றிக் கொடுத்தார். (எந்தப் புத்தகம் என்று கேட்காதீர்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை, நீங்களும் பழக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.) மை சரியாக விழுகிறதா என்று பார்க்க அச்சகத்தில் பழைய தாள்களையே திரும்பத் திரும்ப மெஷினில் விடுவார்கள். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறிக் கிடக்கும். எனக்கு வந்த தாளில் ஒரு கை இருந்தது. ‘உள்ளே வாங்க’ என்று விரிந்த வலது கை. இரண்டு முறை, நூல் பிசகாமல், ஒன்றன் மேல் ஒன்றாக அச்சாகியிருந்தது. நான்கு விரல்கள் இரட்டை மையில் கறுத்துக் கிடந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் ஒற்றை மையில் வெளிறிப்போய், இருக்கட்டுமா போகட்டுமா என்று நின்றது.

“என்னண்ணே இது, ஒரு விரலை மட்டும் பேயடிச்ச மாதிரி இருக்கு?”

“அது பெரிய கதை. உக்காருங்க,” என்றார். பாதி சொல்வதற்குள் மெஷின் தாளைக் கடித்துக்கொள்ள, எழுந்து ஓடினார். மீதிப் பாதி என் கைச்சரக்கு. எது அவர் பாதி, எது என் பாதி என்று பிரித்துச் சொல்வதாக இல்லை.

2.

முதல் தொடக்கம், அந்தக் கையை வரைந்தவளைப் பற்றி: ‘அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வண்ணங்களின் மேல் தீராத’

வேண்டாம். செங்கல் சுமந்தவளுக்குப் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் யாருக்கும் எதன் மேலும் தீராத எதுவும் இருந்ததில்லை. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தால் அதுதான் கனவு, லட்சியம், கலை எல்லாம்.

இரண்டாவது தொடக்கம்: அவள் டிசைனர் ஆனதற்குக் காரணம் ஸ்டிக்கர் கடையில் மின்விசிறி இருந்தது.

இது பரவாயில்லை. வண்டிகளுக்கு எழுத்து வெட்டி ஒட்டுகிற கடை. அதில் இரண்டு வருடம். அப்புறம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பத்து வருடம், கம்ப்யூட்டர் முன்னால். பருவை எடுப்பாள். மூடிய கண்ணைத் திறப்பாள். வராத சித்தப்பாவைக் குடும்பப் படத்தில் நிற்க வைப்பாள், வந்து சண்டை போட்ட சித்தப்பாவை வெளியே அனுப்புவாள். ஸ்டுடியோவில் அவளுடைய கடைசி மாதம், ஒரு கம்பெனியின் மாத்திரைக் கவரில் போட இருமுகிற கிழவன் ஒருவன் படம் வந்தபோது, பழக்க தோஷத்தில் அவன் கன்னத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் சேர்த்துவிட்டாள். “இவ்ளோ தெம்பா இருக்கிறவனுக்கு மாத்திரை எதுக்கு?” என்று கம்பெனிக்காரன் கத்த, அன்றோடு ஸ்டுடியோ முடிந்தது. (கிழவனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வர மாட்டான், ஆனால் அவன் கன்னம் வரும்.)

அதற்கப்புறம்தான் கல்யாணக் கார்டு. ஆளுக்கேற்ற கார்டு, ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட மாட்டாள். கார்டு, உறை, மேசை எண் அட்டை, நன்றி அட்டை என எல்லாவற்றிலும் ஒரே ஒரு படம்தான் வரும். அந்த வீட்டில் யாராவது ஒருவருடைய கை.

“மூஞ்சி கேமராவைப் பார்த்தா இளிக்கும். கைக்கு இளிக்கத் தெரியாது,” என்பாள். நல்ல வசனம். வாடிக்கையாளரிடம் சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள்.

3.

கல்யாணப் பெண்ணின் வேலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துவது. ஒரு நாளைக்கு அறுபது பேர் அவளிடம் விரலை நீட்டுவார்கள். இது முக்கியம்.

“எங்க அப்பா கையைப் போடுங்கக்கா,” என்றாள்.

டிசைனர் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். அதுதான் அவள் வழக்கம். பேச்சுக் கொடுக்க மாட்டாள், கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். வந்தவளுக்குக் கதவைத் திறந்து, கையை விரித்து, “வாங்க வாங்க” என்றார். அந்த விரித்த கையில் ஆள்காட்டி விரல் இல்லை.

(முதலில் ‘மோதிர விரல்’ என்று எழுதினேன். கல்யாணக் கதைக்குத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. அதனாலேயே அடித்துவிட்டேன். ரம்பத்துக்குக் கல்யாணம் கருமாதி எதுவும் தெரியாது, முன்னால் நீட்டியதை எடுத்துக்கொள்ளும்.)

அவள் நோட்டில் பென்சிலால் வரைந்தாள். நான்கு விரல், அடியில் மழுங்கிய மேடு, நடு விரல் நகத்தில் குறுக்காக ஒரு பழைய வெட்டு. எல்லாம் அச்சு அசல். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. தப்பு நோட்டில் நடக்கவில்லை.

கம்ப்யூட்டரில் கோட்டை இழுத்து மெருகேற்றி, மாதிரியை அனுப்பினாள். மாப்பிள்ளை ஒரே நிமிடத்தில் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். சரி என்று அர்த்தம். படத்தில் இருந்த விரலை எண்ணாமல் தன் விரலை அனுப்பிய அந்த மனிதரை நம்பி, அச்சுத் தகடான பிளேட்டும் போட்டாயிற்று.

மறுநாள் காலை பெண் நேரில் வந்தாள், கையில் மாதிரி.

“அக்கா, இது யாரு கை?”

“உங்க அப்பா கைதான்மா.”

“அவருக்கு எப்போக்கா முளைச்சுது?”

டிசைனர் பார்த்தாள். ஐந்து விரல். அவளுக்கே தெரியாத ஐந்து.

“நடு விரல் நகத்துல இருக்கிற வெட்டு இதுலயும் இருக்கு பாருங்க. விரலை நீங்க வரையக்கூட இல்லக்கா. பக்கத்து விரலை எடுத்து ஒட்டியிருக்கீங்க.”

அப்படித்தான் இருந்தது. நடு விரலைப் பிரதி எடுத்து, கொஞ்சம் குட்டையாக்கி, கொஞ்சம் சாய்த்து நட்டிருந்தாள். எப்போது செய்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். டீ குடித்த ஞாபகம் இருந்தது. விரல் நட்ட ஞாபகம் இல்லை. பத்து வருடம் பருவை எடுத்த கை, கிழவன் கன்னத்தில் ரத்தம் ஏற்றிய கை, ஓட்டை என்று கண்டதை அடைத்துவிட்டுப் போயிருக்கிறது. கேட்டுவிட்டாவது அடைத்ததா?

“தப்புதான்மா. என்ன சொல்றதுன்னு தெரியல. நாலு விரலோட வேற பிளேட் போட்டுடறேன்.”

பெண் சமாதானமாகிப் போனாள். ஒரு சாதாரணக் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் பெண் அந்த மாதிரியை மேசை மேலேயே விட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் உறை அளவு சொல்ல வந்த அப்பா அதைப் பார்த்தார். கேட்காமலே கையில் எடுத்தார். அதையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உறையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

4.

இந்த அப்பா மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

முதல் வரைவில் அவர், “இந்த இல்லாத விரல்தாம்மா உன்னைப் படிக்க வெச்சுது,” என்று சொன்னார். நானே கண் கலங்கினேன். அப்புறம் என் சொந்தச் சித்தப்பா ஞாபகம் வந்தது. மில்லில் விரல் போனவர்தான் அவரும். முப்பது வருடத்தில் அந்த விரலைப் பற்றி அவர் சொன்ன தத்துவம் ஒன்றே ஒன்று: “மூக்கு நோண்ட வசதியில்ல.”

ஆகவே வசனத்தை அடித்தேன். வசனம் போன அப்பா சும்மா இருக்கவில்லை. அச்சு ஓட வேண்டிய நாளில், அவராகவே அச்சகத்துக்கு வந்தார்.

5.

மதியம் மூன்று மணி. நான்கு மணிக்கு மருந்து லேபிள் மெஷினில் ஏற வேண்டும். அதற்குள் நானூறு கார்டு ஓடியாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம்தான், அப்போது கல்யாணமே முடிந்திருக்கும். நான்கு விரல் பிளேட்டோடு டிசைனரும் கல்யாணப் பெண்ணும் நின்றிருந்தார்கள். அப்பா உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்து அந்த மாதிரியை எடுத்து அச்சுக்காரர் முன்னால் வைத்தார்.

“இதையே போடுங்க.”

“அப்பா, அது தப்பாப் போட்டதுப்பா.”

“தெரியும். நல்லாத்தான் இருக்கு.”

“எப்படிப்பா நல்லா இருக்கும்? அது உங்க கையே இல்ல.”

“இருபத்திரண்டு வருஷமா எவனும் முதல்ல என் மூஞ்சியைப் பார்க்கறதில்ல. கையைப் பார்ப்பான், அப்புறம் பார்க்காத மாதிரி வேற எங்கயாவது பார்ப்பான். கார்டை வாங்கினா பொண்ணுக்குக் கல்யாணம்னு பார்க்கணும். ஐயோ பாவம்னு பார்க்கக் கூடாது.”

“யாருப்பா பாவம்னு சொன்னா? சின்னதுல ரோட்டைத் தாண்டும்போது நான் புடிச்சுக்கிட்டது அந்த இடத்தைத்தான். என் கை சரியா அங்கதான் உக்காரும்.”

(இது அச்சுக்காரர் பாதியில் இருந்தது. நான் எழுதியிருந்தால் அடித்திருப்பேன்.)

அப்பா தன் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். “கார்டை வீடு வீடாக் கொண்டு போய்க் குடுக்கறது யாரு? நான்தான். இந்தக் கையாலதான் நீட்டுவேன். வாங்கறவன் உண்மையைப் பார்க்கத்தான் போறான். படத்துல வேற எதுக்கு இன்னொரு தடவை?”

“நீங்க நீட்டறது ஒரு நிமிஷம். கார்டு என் பெட்டியில நாற்பது வருஷம் இருக்கும். நாளைக்கு என் புள்ளை அதை எடுத்துப் பார்த்து, இதுதான் தாத்தா கைன்னு யாரோ கையைப் பார்த்துட்டு இருக்கும்.”

“யாரோ கை எப்படி ஆகும்? என் நடு விரலைத்தானே எடுத்து வெச்சிருக்காங்க. நகத்துல வெட்டுகூட இருக்கு.”

டிசைனருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, தொழில் தெரிந்தவர்கள் செய்கிற கோழைத்தனத்தைச் செய்தாள். “ஐயா, வேணும்னா மூடின கையா வரைஞ்சுடவா? பத்து நிமிஷத்துல முடிச்சுடுவேன். எத்தனை விரல்னு யாருக்கும் தெரியாது.”

“பாக்கெட்டுல கையை விட்டு மறைக்கிற வேலையை நானே இத்தனை வருஷம் பார்த்துட்டேன். அதுக்கு ஒரு டிசைனர் எதுக்கும்மா?”

அன்றைக்கு முதல் தடவையாக அப்பாவும் மகளும் ஒரே பக்கம் நின்று சிரித்தார்கள். சிரிப்பு டிசைனர் மேல் விழுந்தது. வாங்கிக்கொண்டாள். தகுதிதான்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்கள். “ரெண்டுமே நல்லாருக்கு. இருநூறு அது, இருநூறு இது போட்டுடலாமே,” என்றார். போனை வைத்துவிட்டார்கள்.

“மணி மூணரை,” என்றார் அச்சுக்காரர். “பழைய பிளேட்டும் இங்கதான் கிடக்கு. ரெண்டையும் ஏத்தி ஒரு ஒரு தாள் ஓட்டிக் காட்டறேன். பார்த்துட்டு ஒரு முடிவு சொல்லுங்க.”

நல்ல தாளை வீணாக்க மனசில்லை அவருக்கு. முதல் பிளேட் ஓடிய அதே வேஸ்ட் தாளையே இரண்டாவதற்கும் விட்டார். வெளியே வந்ததைத்தான் நீங்கள் முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டீர்கள்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். கறுத்த நான்கு விரல், வெளிறிய ஒன்று. மகள் அந்த வெளிறிய விரலின் மேல் தன் விரலை வைத்தாள். மை ஒட்டியது. துடைக்கவில்லை.

“நீங்களே சொல்லுங்க,” என்றார் அப்பா டிசைனரிடம்.

“ஆமாக்கா. ஆரம்பிச்சது நீங்க.”

டிசைனர் தாளைப் பார்த்தாள். தன்னைக் கேட்காமல் ஒரு விரலை வைக்கத் தெரிந்த கை, கேட்டபோது ஒன்றும் செய்யாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. வைத்தால் மறுபடியும் பருவை எடுத்தவள் ஆவாள். எடுத்தால், ஒரு மனிதர் தன் கையைப் பற்றிச் சொன்ன சொல்லை அவர் முன்னாலேயே அழித்தவள் ஆவாள். அச்சுக்காரர் ஒரு கையில் ஒரு பிளேட்டும் இன்னொரு கையில் இன்னொன்றுமாக நின்றார்.

அவள் சொன்னாள்.

6.

இங்கேதான் மெஷின் தாளைக் கடித்துக்கொண்டது. அச்சுக்காரர் எழுந்து ஓடியது இந்த இடத்தில்தான்.

போன வாரம் திரும்பப் போய்க் கேட்டேன்.

“அண்ணே, அன்னிக்கு எது ஓடுச்சு?”

“நானூறு ஓடுச்சு.”

“நாலு விரலா, அஞ்சா?”

“நான் தாளைத்தான் எண்ணுவேன். விரலை எண்ணறது என் வேலையில்ல.” மைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். “நீங்க எதை எழுதப் போறீங்க?”

“நாலுதான்.”

“நினைச்சேன். உங்களுக்குக் காயம் இருந்தாத்தான் எழுத வரும்.”

“சரி, அப்போ அஞ்சுன்னு எழுதறேன்.”

“நான் சொன்னதுக்குப் பயந்துட்டீங்க.”

வீட்டுக்கு வந்து ஒரு முடிவு எழுதினேன். நானூறு கார்டும் நான்கு விரலோடு ஓட, அப்பா முதல் கார்டைக் கையில் வாங்கி, அதன் மேல் தன் கையைப் பொருத்திப் பார்த்து

கிழித்துவிட்டேன்.

இன்னொன்று எழுதினேன். ஐந்து விரலோடு ஓட, வருடங்கள் கழித்துப் பேரக் குழந்தை கார்டையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்து, “இன்னொண்ணு எங்க?” என்று

அதையும் கிழித்தேன். இரண்டிலும் கை நீட்டியது நான்தான். அவள் டீ குடித்துக்கொண்டே ஒரு விரலை நட்டாளே, அதே வேலை. எனக்கு டீகூட இல்லை.

எது மேலே, எது கீழே என்று தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே மை. லைட்டுக்கு நேராகப் பிடித்தும் பார்த்தாயிற்று.

ஆகவே பிளேட் இரண்டும் இப்போது உங்கள் கையில். மணி மூன்று ஐம்பது. மருந்து லேபிள்காரன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டான். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். ஆனால் என்னைப் போல் எழுதிவிட்டு நழுவ முடியாது. சொன்னவர்தான் போய், தோற்றவரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

ஐந்து என்றால், பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். வரிசையில் உட்காருங்கள். உங்கள் முறை வந்ததும் அவள் விரலை நீட்டச் சொல்வாள், கையில் ஊசி இருக்கும். சொல்லிவிட்டு நீட்டுவதா, நீட்டிவிட்டுச் சொல்வதா என்பது உங்கள் சாமர்த்தியம்.

நான்கு என்றால், அவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். அவர்தான் திறப்பார். நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியாது அவருக்கு. கையை விரித்து, “வாங்க வாங்க” என்பார்.

எண்ணாமல் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள்.