பதினான்கு நாள் தண்ணீர்

அந்த வருடம் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி விழுந்த விழுகையில், கிளிநொச்சிப் பரிசோதனைப் பண்ணை வயலில் இறங்கியவன் வேட்டியோடு கரையேறினால் அதிசயம். வரம்பில் கட்டிய எருமையில் மணிதான் மிஞ்சியது என்றார்கள். மணியும் மிஞ்சவில்லை என்றவர்களும் உண்டு.

கொழும்பிலிருந்து புதுமருந்து வந்தது. அடித்த மறுநாள், வயலுக்கு மேலே பறந்த காகம்கூடக் கரைய மறந்து விழுந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைப் பதினான்கு நாள் வெளியே விடக்கூடாது. வடிகாலுக்குப் பலகை, பலகைக்குப் பூட்டு. திறப்பு வயல் உதவியாளன் தில்லைநாதனின் இடுப்பில். வடிகால் விழுவது பக்கத்துக் குடியேற்றக் கிராமத்து வாய்க்காலில். அவன் அந்தத் தண்ணீரில் ஒரு தொட்டி எடுத்துவைத்து, தினம் ஒரு மீன் விட்டுப் பார்த்தான். தினமும் செத்தது.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை, பண்ணை அதிகாரி கனகலிங்கம் வந்தார்.

"தில்லை, சனிக்கிழமை மந்திரி வாறார். அவர் இறங்கிப் பாக்க வயலை வடியவிடும்."

"ஐயா, இன்னும் அஞ்சு நாள் கிடக்கு. இண்டைக்கும் மீன் செத்தது."

"வவுனியா வரைக்கும் பயிர் சாகுது, நீர் மீனுக்கு அழுறீர்! இப்ப காட்டினாத்தான் வாற போகத்துக்கு மருந்து கிடைக்கும். இல்லாட்டிச் சனம் எதைத் தின்னுறது?"

அதுவும் உண்மைதான்.

"அப்ப குடியேற்றத்தில சொல்லிப்போட்டுத் திறக்கிறன்."

"சொன்னா மந்திரிக்குக் கறுப்புக்கொடிதான். அவர் போனாப்பிறகு பறை அடிச்சுச் சொல்லும்."

எல்லா வீட்டிலும் கிணறு இருக்கிறது, செத்த மீனை யார் தின்னப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, தில்லைநாதன் வியாழன் காலை பலகையைத் தூக்கினான்.

சனிக்கிழமை, மந்திரிக்குப் போட்ட பந்தலடிக்கு வீரகத்தி வந்தான். குடியேற்றக்காரன். முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஓலைப்பை.

"தம்பி, இந்தாரும், ரண்டு விரால். ஒவ்வொண்டும் மந்திரியின்ர கார் நீளம்! வியாழன் பின்னேரம் வாய்க்கால் முழுக்க மீன் வெறிச்சு மிதந்தது. ஆரோ புண்ணியவான் மேல காரைக்காய் இடிச்சுப் போட்டிருக்கிறான்."

கோடையில் வற்றும் குட்டைகளில் வன்னிச் சனம் காரைக்காயை இடித்துப் போடும். மீன் மயங்கி மிதக்கும். தின்றவருக்கு ஒன்றும் ஆகாது. வன்னிக்கு வெளியே, பளையில் பிறந்த தில்லைநாதனுக்கு இது தெரியாது.

"அண்ணை... திண்டிட்டீங்களோ?"

"நேற்று வெள்ளியெல்லே, ஆர் மீன், மச்சம் தொடுறது? உப்புப் போட்டு வைச்சிட்டு இண்டைக்கு விடியத்தான் எல்லா வீட்டிலயும் குழம்பு. மனிசி பத்மாசனிக்குத்தான் கொஞ்சம் தலைசுத்து. வெய்யிலாக்கும்."

சொன்னவனின் கை நடுங்கியது. வாயோரம் வழிந்த எச்சிலை அவன் துடைக்கவில்லை.

மந்திரியின் கார் பண்ணைப் பாதைக்குள் திரும்பியபோது, நடு றோட்டில் தில்லைநாதன் கைகளை விரித்தபடி நின்றான். கனகலிங்கம் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது, அவன் அசையவில்லை. அவன் நடந்ததைச் சொல்ல, மந்திரி இறங்கிக் காரைக் கொடுத்தார். பின்னால் வந்த கார்களும் சேர்ந்து, குடியேற்றத்தில் மயங்கி விழுந்த பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓடின.

வீரகத்தியின் மனைவி பத்மாசனி வழியில் மாங்குளத்தை உயிரோடு தாண்டவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி வீரகத்தி கேட்டான்:

"வெள்ளிக்கிழமை முழுக்கத் தொடாமல் வைச்சிருந்தமே, தம்பி?"

திங்கட்கிழமை பதினான்காம் நாள். தில்லைநாதன் தொட்டிக்குள் ஒரு மீனை விட்டான். அது வாலை அடித்துக்கொண்டு பின்னேரம் வரை நீந்தியது.