நிதானம் தொண்ணூற்றாறு

திரையில் அந்த ஆளின் தாடை உடைவதைத் தராசு அன்று ஏழெட்டு முறை பார்த்துவிட்டான். முழங்கை வருகிறது, தலை திரும்புகிறது, வாயிலிருந்து பல் காப்பு தெறிக்கிறது, ஆறரை அடி உடம்பு மரத்தரையில் சாய்கிறது. மறுபடி பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டான். கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணாடிக் கடையில் வேலை செய்யும்போது விரலில் சின்னக் கீறல் விழுந்தாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிற ரகம் அவன். இங்கே அவன் கவலையெல்லாம், அடித்தவனுக்கு 'நிதானம்' என்ற கட்டத்தில் முப்பத்தொன்று போடுவதா, இருபத்தெட்டு போடுவதா என்பதுதான்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து கம்ப்யூட்டரில் நடத்தும் லீக் அது. நிஜமான தொழில்முறை கூடைப்பந்து ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டு ஆளுக்கு ஓர் அணி வைத்துக்கொள்வார்கள். வேகம், குதிப்பு, எறிதல், நிதானம் என்று ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் நூற்றுக்கு எத்தனை என்று போட்டுக் கொடுத்துவிட்டால், மீதி ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் ஆடிக்கொள்ளும். மதிப்பெண் போடுகிறவன் இவன். யாருக்கும் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான் என்றுதான் தராசு என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரில் அவனுக்கு உள்ளூரப் பெருமை.

நிதானத்தில் அவன் போட்டதிலேயே அதிகம் தொண்ணூற்றாறு. அதை வாங்கியிருந்த ஆட்டக்காரர் அவனுடைய அக்கா வீட்டுக்காரர். வர்ணனையாளர்கள் அவரைச் 'சாது' என்பார்கள். மாமா என்பதற்காக அள்ளிக் கொடுக்கவில்லை. நிதானத்தை அளக்க அவன் வைத்திருந்த வழி ஒன்றே ஒன்றுதான்: ஒருவன் செய்த தப்பாட்டத்துக்கு நடுவர் எத்தனை முறை விசில் ஊதினார் என்று எண்ணுவது. மாமாவுக்கு விசில் ஊதுவதே அபூர்வம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பல் டாக்டர் கூப்பிட்டார். லீகில் அவருக்கும் ஓர் அணி உண்டு.

"தம்பி, சாதுவுக்குப் போட்ட நிதானத்த மாத்து."

"ஃபவுல் கணக்கப் பாருங்க டாக்டர். நான் சும்மா போடல."

"எங்கிட்ட பல்லு ஒடஞ்சு வர்றவங்க பாதிப் பேரு படியில விழுந்தேன்னுதான் சொல்வாங்க. அதெல்லாம் நம்பினா நான் தொழில் பண்ண முடியுமா? நீ ஆளுக்கு மார்க் போடல, விசிலுக்குப் போடுற. பந்தையே பாத்துட்டு இருக்காத. பந்து இல்லாத பக்கம் பாரு."

அவனுக்குச் சுருக்கென்றது. அவர் மூக்கை உடைப்பதற்காகவே, கூரையில் மாட்டிய கேமரா மொத்தத் தரையையும் காட்டும் பதிவைத் தேடி எடுத்தான். அதில் முகம் சரியாகத் தெரியாது என்று அவன் அந்தப் பதிவை இதுவரை தொட்டதே இல்லை. இப்போது பந்தை விட்டுவிட்டு மாமாவை மட்டும் பார்த்தான்.

மாமா எதிராளியைப் பார்க்கவே இல்லை. நடுவர்களைப் பார்த்தார். ஒருவர் திரும்பி நிற்கிறார், இன்னொருவர் ஓடுகிறார், மூன்றாமவரைக் கூட்டம் மறைக்கிறது. அந்த நொடியில் இடது தோள் கொஞ்சம் இறங்கி, முழங்கை எதிராளியின் விலாவில் போய்க் குத்தியது. எதிராளி விலாவைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். மாமா குனிந்து, கை கொடுத்துத் தூக்கி, முதுகில் தட்டிக் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. தராசு வேறோர் ஆட்டத்தைப் போட்டான். அதிலும் அதே தோள், அதே விலா, அதே தட்டிக் கொடுத்தல். அடுத்ததில் விழுந்தவன் எழுந்திருக்காமல் இருமினான், உதட்டில் ரத்தம். மாமா அவனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது, மேல் தட்டிலிருந்த டப்பாவை எடுத்துத் தரச் சொன்னாள். இவனைவிட அவள் அரையடி உயரம். சின்ன வயதிலிருந்து 'குள்ளக் கத்திரிக்கா' என்று இவனை ஓட்டியவள். அன்று ஒன்றும் தோன்றாமல் நாற்காலி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். அவளால் கையைத் தூக்க முடியவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

மாமா சோபாவில் காலை நீட்டி, முட்டியில் ஐஸ் பை வைத்திருந்தார். அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

"வா மாப்ள. சாப்ட்டியா?"

"மாமா, அக்காவ அடிக்கிறீங்களா?"

அவர் ஐஸ் பையை எடுத்துக் கீழே வைத்தார். நிதானமாக எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டார். டிவி சத்தத்தைக் கூட்டினார். இங்கேயும் அவர் நடுவர்களைத்தான் பார்க்கிறார் என்று தராசுக்குப் புரிந்துவிட்டது. ஆயிரம் அடிகளைப் பார்த்தவன் வாழ்க்கையில் முதல் முறையாக ஓங்கி ஓர் அடி அடித்தான். அது அவர் தோளெலும்பில் பட்டு இவன் சுண்டு விரல்தான் மடங்கியது.

இடது தோள் இறங்கியது. கண்ணால் பார்த்தான், இதோ வருகிறது என்று தெரிந்தது, தெரிந்து என்ன பிரயோஜனம். விலாவில் ஏதோ காய்ந்த குச்சி மாதிரி ஒடிந்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது. தரையில் கிடந்தவனின் அதே இடத்தில் கால் வந்து விழுந்தது, இன்னொரு முறை விழுந்தது. வாயில் உப்புக் கரித்தது. அப்புறம் அந்தப் பெரிய வலது கை, லட்சம் பேர் கைதட்டிய கை, அவன் முகத்துக்கு முன்னால் நீண்டது.

"பாத்து நடக்கக் கூடாதா மாப்ள. எந்திரி."

அந்தக் கையின் மேல் இரும்பு வாணலி இறங்கியது.

அக்கா இரண்டு கையாலும் அதைப் பிடித்து மறுபடி ஓங்கினாள். இந்த முறை மணிக்கட்டைச் சோபாவின் மரக் கைப்பிடியோடு சேர்த்து நசுக்கினாள். மாமா அலறினார். அவ்வளவு பெரிய மனிதர் முட்டி போட்டு, விரல்கள் தப்பான பக்கம் தொங்கும் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என் கை, என் கை" என்று அழுதார். சாத்திய ஜன்னலைத் தாண்டி அது யாருக்குக் கேட்டிருக்கும்? அக்காவின் கண்ணில் துளி இரக்கம் இல்லை. தராசுக்கும் இல்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அவள் வாணலியைக் கீழே போட்டாள். அவனை வலிக்காத பக்கமாகக் கை கொடுத்துத் தூக்கி, தாழை விலக்கி, படியில் இறக்கினாள். ஒவ்வொரு படிக்கும் அவனுக்கு உயிர் போய் வந்தது.

"ஆழமா மூச்சு இழுக்காத. நாய் மாதிரி சின்னச் சின்னதா விடு."

"அக்கா..."

"பேசாத. பேசினா குத்தும். இருமல் வந்தா தலையணையக் கட்டிப் பிடிச்சுக்க. மல்லாக்கப் படுக்காத. இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, மூணாம் நாள்தான் தாங்க முடியாது. அதுவும் போயிரும்டா, பயப்படாத."

அவன் அவளைப் பார்த்தான். பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தாள், தடுமாற்றமே இல்லை. மேலேயிருந்து அவளைக் கெட்ட வார்த்தையில் கூப்பிடும் குரல் வந்தது. அப்புறம் கெஞ்சும் குரல். தெருவாசலுக்கு வந்ததும் அவள் நின்றாள். செருப்பு மாட்டாமல் வந்திருந்தாள். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் ஒரு காலை வைத்து, சூடு பொறுக்காமல் எடுத்து, மறுபடி வைத்தாள்.